ஆள் குறைவு என்னும் சாக்கு



2025 நவம்பரில் மதுரை மெட்ரோ ரயில் திட்டத்தின் அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளம். பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி நகரத்தில் இருபது இலட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் மதுரைப் பெருநகரப் பகுதியில் இருந்தோர் பதினைந்து இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. திருப்பி அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் இதுதான்.

அதே 2011 கணக்கெடுப்பில் ஆக்ராவுக்கும் போபாலுக்கும் இருபது இலட்சம் இல்லை. அங்கே மெட்ரோ கட்டப்பட்டிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எண்ணிய தலைகளை வைத்து இன்றைய நகரத்தை அளப்பது எந்த வகை நீதி என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் மெட்ரோவுக்காக வழக்காட இக்கட்டுரை எழுதப்படவில்லை. மதுரைக்கு மெட்ரோ வேண்டுமா, அந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான பேருந்துகள் வேண்டுமா என்று கேட்டால், நான் பேருந்துகளையே கேட்பேன். நான் வழக்காட விரும்புவது அந்த மறுப்புக்குப் பின்னால் இருக்கும் காரணத்தோடு. "அங்கே ஆள் குறைவு" என்னும் அந்த ஒரு சொற்றொடரைத்தான் மதுரையைச் சுற்றியுள்ள வறண்ட சமவெளி முழுவதும் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேலூருக்கு ரயில் இல்லை, ஆள் குறைவு. இளையான்குடிக்கு ரயில் இல்லை, ஆள் குறைவு. கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த ஒற்றைப் பேருந்தும் நின்றுவிட்டது, கூட்டம் இல்லையாம்.

இந்தச் சொற்றொடர் காரணம் போலத் தோன்றும் ஒரு சாக்கு. இதை நம்முடைய சமூகமும் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே என் வருத்தம்.

எது ஆளில்லாத நிலம்?

உண்மையிலேயே ஆள் குறைவான நாடு எது என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். சவூதி அரேபியாவின் பரப்பு ஏறத்தாழ 21.5 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் 3.2 கோடி, வெளிநாட்டுத் தொழிலாளரும் அதில் அடக்கம். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினைந்து பேர். நமது சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் 2011-இலேயே சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். மதுரை மாவட்டத்தில் எண்ணூறுக்கு மேல்.

பதினைந்து பேர் வாழும் நிலத்தில் என்ன நடந்திருக்கிறது? 1951-இல் தம்மாமிலிருந்து ரியாத் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அண்மைக் காலத்தில் ரியாத்திலிருந்து ஜோர்தான் எல்லையருகே உள்ள குரையாத் வரை, ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டி, பாலையின் குறுக்கே பயணிகள் ரயில் போகிறது. 2018-இல் மக்காவையும் மதீனாவையும் ஜித்தா வழியாக இணைக்கும் ஹரமைன் விரைவு ரயில், ஏறத்தாழ 450 கிலோமீட்டர், மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியது. 2024 டிசம்பரில் ரியாத் மெட்ரோ 176 கிலோமீட்டர் திட்டத்தோடு திறக்கப்பட்டது. அதைக் கட்டிய கூட்டமைப்புகளில் ஒன்றில் நம் நாட்டின் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் இருந்தது.

அந்நாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நெடுங்காலம் அவர்கள் காரையே நம்பி நகரங்களை வளர்த்தார்கள். ரியாத்தையும் ஜித்தாவையும் நேராக இணைக்கும் ரயில் பல பத்தாண்டுகளாகப் பேச்சளவிலேயே இருக்கிறது. அங்கே வெயிலில் உழைத்த நம் பிள்ளைகள் பட்ட பாடு நம் வீடுகளுக்குத் தெரியாததும் அன்று. ஆயினும் ஓர் உண்மை மறுக்க முடியாதது: ஆள் குறைவாக இருப்பதை, பாதை போடாமைக்கு அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. ஊர்கள் தொலைவில் இருப்பதாலேயே பாதை வேண்டும் என்று எண்ணினார்கள். இங்கிருந்து போன கைகள் அந்தப் பாலையில் தண்டவாளமும் தார்ச்சாலையும் போட்டன. அதே கைகளின் சொந்த ஊருக்குத் தண்டவாளம் கேட்டால், ஆள் குறைவு என்கிறார்கள். ஆள் ஏன் குறைந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நம் தமிழ் இலக்கியம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் மூன்று வழிகளைப் பற்றி ஒரு வழிப்போக்கர் கோவலனிடம் விரித்துரைக்கிறார். அந்தக் காதையில்தான் பாலை என்பதற்கான புகழ்பெற்ற விளக்கமும் வருகிறது: பாலை தனியாகப் படைக்கப்பட்ட நிலம் அன்று; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் கொள்ளும் வடிவமே பாலை. மதுரையைச் சுற்றிய சமவெளிக்கும் இது பொருந்தும். கண்மாய் தூர்ந்தது, பேருந்து நின்றது, ரயில் வரவில்லை, இளைஞர் வெளியேறினர். பிறகு அதிகாரிகள் வந்து எண்ணிப் பார்த்து, ஆள் குறைவு என்று எழுதிப் போனார்கள். அந்தக் குறைவுக்குப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்பதை அவர்கள் எழுதவில்லை.

"அவர்களிடம் எண்ணெய் இருக்கிறது"

இந்த எதிர்வாதம் வரும் என்று அறிவேன். எண்ணெய்ப் பணம் இருந்தால் எவரும் பாதை போடுவார் என்பார்கள். எண்ணெய்க்கு முந்திய வரலாற்றைப் பார்ப்போம்.

கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார். கூஃபாவிலிருந்து மக்கா வரை, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் ஹஜ் வழியில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் அமையப் பெரும்பொருள் செலவிட்டார். இன்றும் அவ்வழி 'தர்பு ஜுபைதா' என்றே வழங்குகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாலையில் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அம்மையார் அதை எண்ணவில்லை. அவ்வழியே தாகத்தோடு நடப்பவரை எண்ணினார்.

அடுத்தது ஹிஜாஸ் ரயில். 1900-இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, டமாஸ்கஸிலிருந்து புனித நகரங்களுக்கு ரயில் பாதை அமைக்க ஆணையிட்டார். அன்றைய உதுமானிய அரசு கடனில் மூழ்கிக் கிடந்தது. ஐரோப்பிய வங்கிகளிடம் கையேந்தாமல், உலக முஸ்லிம்களிடம் நன்கொடை கேட்டது. இந்திய முஸ்லிம்களும் வாரி வழங்கினார்கள். அரசு ஊழியரின் ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. தனி முத்திரைத் தலைகள் விற்கப்பட்டன. குர்பானித் தோலை விற்ற பணம்கூட அந்தப் பாதைக்குப் போயிற்று. நம் பள்ளிவாசல் திண்ணையில் ஆண்டுதோறும் குவியும் அதே குர்பானித் தோல்தான்.

1908-இல் மதீனாவுக்கு ரயில் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்; எட்டு ஆண்டுகள். தண்ணீரும் நிழலும் இல்லாத நிலத்தில், பெரும்பகுதி படைவீரர்களின் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வேலை நடந்தது. டமாஸ்கஸிலிருந்து ஒட்டகத்தில் ஏறத்தாழ நாற்பது நாள் பிடித்த பயணம் சில நாள்களாகச் சுருங்கியது. மக்கா வரை போக நினைத்த பாதை மதீனாவோடு நின்றது என்பதும், சுல்தானுக்கு அதில் படை நகர்த்தும் நோக்கமும் இருந்தது என்பதும், முதல் உலகப் போரில் அதன் தென்பகுதி சிதைந்தது என்பதும் வரலாறு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. எண்ணெய்ப் பணம் இல்லாமல், கடன்பட்ட ஓர் அரசு, ஆளே இல்லாத பாலையில், எட்டு ஆண்டில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் பாதை போட்டது. மனம் இருந்தது, பாதை வந்தது.

தொண்ணூறு கிலோமீட்டர், பன்னிரண்டரை ஆண்டுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை 1928-இல் மீட்டர் கேஜ் பாதை போடப்பட்டது. ஏலமலையின் விளைபொருள்கள் அதில் இறங்கி வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, விடுதலைக்குப் பின் 1950-களில் மீண்டும் போடப்பட்டன. 2010 டிசம்பர் இறுதியோடு அகலப்பாதையாக மாற்றுவதற்காக ரயில் நிறுத்தப்பட்டது.

பாதையின் நீளம் தொண்ணூறு கிலோமீட்டர். புதிய பாதையும் அன்று. நிலமும் கரையும் ஏற்கெனவே இருந்தவை. தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடி வரை வந்தது 2023 ஜூன் மாதத்தில். பன்னிரண்டரை ஆண்டுகள்! கடப்பாரையோடு பாலையில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் போட எட்டு ஆண்டு. இயந்திரங்களோடு, இருந்த கரையிலேயே தொண்ணூறு கிலோமீட்டரை அகலப்படுத்தப் பன்னிரண்டரை ஆண்டு. 2011-இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியே வந்தபோதுதான் போடியில் ரயிலின் ஓசை மீண்டும் கேட்டது. அந்தக் குழந்தையின் பள்ளிக் காலம் முழுவதும் ரயில் இல்லாமலே கழிந்தது. இதற்கு எவர் பதில் சொன்னார்?

திறந்தபோது கிடைத்தது என்ன? மதுரைக்கும் போடிக்கும் இடையே நாளொன்றுக்கு ஒரு முறை போய்வரும் ரயிலும், வாரத்தில் மூன்று நாள் ஓடும் சென்னை ரயிலும். காலையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டிய பாதையில் கூட்டம் எப்படிச் சேரும்? கடையைப் பாதி நேரம் பூட்டி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்று சொல்லும் வணிகரை நாம் என்ன சொல்வோம்? உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் நம் சகோதரர்களுக்கு அந்த ரயிலும் கிட்டவில்லை. போடியோடு பாதை முடிந்துவிடுகிறது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய பாதை 2011–12 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. கரிசல் காட்டின் நடுவே, ரயிலையே காணாத ஊர்களை இணைக்கும் பாதை அது. தூத்துக்குடிப் பக்கத்தில் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை சில கிலோமீட்டர் முடிந்தது. 2025 ஜனவரியில் இத்திட்டம் கைவிடப்பட்டதா, இல்லையா, கைவிடச் சொன்னவர் யார் என்பதே மத்திய, மாநில அரசுகளுக்கிடையே சர்ச்சையாயிற்று. ஒரு திட்டம் உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாத நிலை! அருப்புக்கோட்டை நெசவாளர் இதில் எதை நம்பித் தம் பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடுவார்?

நட்டக் கணக்கு எழுதுவோர் எழுதாத வரி

பொதுப் போக்குவரத்து நட்டத்தில் ஓடுகிறது என்பார்கள். எந்த நட்டத்தை எண்ணுகிறோம் என்பதே கேள்வி. பணிமனைக் கணக்கில் டீசலும் ஊதியமும் இருக்கும். எழுதப்படாத வரிகளும் உள்ளன.

வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். இளையான்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டும். அங்கிருந்து நகரப் பேருந்தில் நின்றுகொண்டே கோரிப்பாளையம் போக வேண்டும். தேனிப் பக்கத்திலிருந்து வருபவர் நகரின் மறுபுறம் ஆரப்பாளையத்தில் இறங்குவார். சிகிச்சை முடிந்து சோர்ந்த உடலோடு திரும்பும்போது ஊருக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால், உறவினர் வீட்டிலோ பேருந்து நிலைய இருக்கையிலோ இரவு. ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் மருந்துக்குக் கொடுக்கும் பணத்தை மிஞ்சுகிறது. இந்த நட்டம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

நம் பெண்மக்களின் படிப்பை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணை மதுரைக் கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்கு மார்க்கத்தைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. கிட்டச் சென்று கேட்டால், மாலையில் எத்தனை மணிக்குப் பேருந்து வரும், வராவிட்டால் பிள்ளை எங்கே நிற்பாள் என்ற அச்சமே பல வீடுகளில் முதற்காரணமாக இருக்கும். நேரத்துக்கு வரும் ஒரு பேருந்து பத்து விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட மேலானது.

2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நல்ல திட்டம், நன்றியோடு வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சலுகை பேருந்து வரும் ஊருக்குத்தான். பேருந்தே வராத ஊரில் இலவசப் பயணம் என்பது நீரற்ற கிணற்றில் உரிமை கொடுப்பது போன்றது. 2025 ஜூன் மாதத்தில் புதிய மினி பேருந்துத் திட்டம் தொடங்கப்பட்டது. பேருந்து போகாத ஊர்களுக்குத் தனியார் சிற்றுந்துகள் போக வழி செய்யும் திட்டம். அதுவும் வரவேற்கத்தக்கதே. எனினும் தனியாரும் ஆள் எண்ணித்தான் வருவார். ஆளில்லாத வழித்தடத்துக்கு விண்ணப்பமே வராவிட்டால், அந்த ஊரை யார் ஏற்பது? அந்த இடத்தில்தான் அரசு தேவைப்படுகிறது. இலாபம் உள்ள இடத்துக்குப் போக வணிகரே போதும்.

"எல்லாரிடமும் வண்டி இருக்கிறதே"

இன்னொரு எதிர்வாதம் நம் வீடுகளிலிருந்தே எழுகிறது. வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி வந்துவிட்டது. பேருந்து எதற்கு என்கிறார்கள். வண்டி இருப்பது யாரிடம்? பெரும்பாலும் வீட்டிலுள்ள இளைஞனிடம். அவன் வேலைக்குப் போன பின் வீட்டில் இருக்கும் உம்மாவிடம் இல்லை. எழுபது வயது அத்தாவிடம் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கையிடம் இல்லை. வளைகுடாவுக்குப் போன மகனின் வண்டி முற்றத்தில் தூசி படிந்து நிற்கிறது.

அந்த வண்டிக்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே மிக அதிகம். மாண்டவர் 17,884 பேர். மையவாடியில் நாம் மண் அள்ளிப் போட்ட இளைஞர்களின் முகங்கள் நம் நினைவை விட்டு அகலவில்லை. பேருந்து இருந்தால் ஏறியிருக்க வேண்டிய பிள்ளைகள் நெடுஞ்சாலையில் மூவராகத் தொற்றிக்கொண்டு போகிறார்கள். அதைத் தலைவிதி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. விதியை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்ட சமூகம் நாம்.

மார்க்கத்தில் வழிக்கு இருக்கும் இடம்

ஜகாத்துக்கு உரியவர் எட்டு வகையினர் என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. வழிப்போக்கர் அவர்களில் ஒருவர். ஊரில் செல்வராக இருந்தாலும் வழியில் தவித்து நின்றால் அவருக்கு நம் பொருளில் பங்கு உண்டு. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) எண்ணினார்கள். தேவைக்கு மேல் வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்று ஒரு பயணத்தின்போது அறிவுறுத்தினார்கள். தம் ஆட்சியில் ஒரு கால்நடை வழி சீரில்லாமல் இடறினால்கூட அதற்காகத் தாம் விசாரிக்கப்படுவோம் என்று கலீஃபா உமர் (ரலி) அஞ்சியதாகச் சொல்லப்படும் செய்தியை நாம் எத்தனை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம்! கால்நடை இடறியதற்கே அந்த அச்சம். இங்கே மனிதர்கள் நிற்கிறார்கள், பேருந்து வரவில்லை, எவருக்கும் அச்சமில்லை.

ஆள் வந்த பின்தான் வழி என்று வாதிடுவோர் மக்காவின் தொடக்கத்தை எண்ணிப் பார்க்கட்டும். இப்ராஹீம் (அலை) அவர்கள் பயிர் விளையாத அந்தப் பள்ளத்தாக்கில் அன்னை ஹாஜராவையும் பச்சிளங் குழந்தை இஸ்மாயீலையும் விட்டு வந்தபோது அங்கே மக்கள்தொகை இரண்டு. மக்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்று அவர்கள் இறைஞ்சினார்கள். நீர் வந்தது, ஜுர்ஹும் குலத்தார் வந்து குடியேறினர், வழிகள் வந்தன, ஊர் வந்தது. இன்று உலகின் நாற்றிசையிலிருந்தும் வழிகள் அங்கே போய் முடிகின்றன. அன்று ஓர் அதிகாரி போய் ஆள் எண்ணியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

நம் பங்கு என்ன?

அரசைக் குறை சொல்லிக் கட்டுரையை முடிப்பது எளிது. அது பாதி உண்மையாகவே நிற்கும். நம் கோரிக்கைப் பட்டியல்களைத் திறந்து பாருங்கள். விமானம் முதலிடத்தில் இருக்கும். மதுரையிலிருந்து ஜித்தாவுக்கு விமானம் வேண்டும், ஹஜ்ஜுக்கு மதுரையிலிருந்தே புறப்பட வேண்டும் என்று கேட்கிறோம். நியாயமான கோரிக்கைகளே. 2022-இல் தமிழக ஹாஜிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏற நேர்ந்தபோது நம் அமைப்புகள் ஒரே குரலில் பேசின; 2023-இல் சென்னையிலிருந்தே புறப்படும் வழி மீண்டும் திறந்தது. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் விமானத்தில் நாம் ஏறுவது வாழ்வில் சில முறை. உம்மாவும் மகளும் பேருந்துக்கு நிற்பது அன்றாடம். அந்த அன்றாடத்துக்காக நம் ஜமாஅத்துகள் அதே உரத்த குரலில் பேசியதை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. உத்தமபாளையத்தில் 1956-இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. இளையான்குடியில் 1970-இல் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி எழுந்தது. அந்த ஊர்களில் ஆள் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தால் அங்கே கல்லூரி வந்திருக்காது. கல்லூரி வந்ததால் சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகள், எல்லாச் சமயத்தாரும், பட்டம் பெற்றார்கள். கல்லூரி கட்டிய சமூகம், அந்தக் கல்லூரிக்குப் பிள்ளைகள் போகும் வழியைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

நான் கேட்பவை பெரிய செயல்கள் அல்ல. ஒவ்வொரு ஜமாஅத்தும் தம் ஊருக்கு எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எது நின்றுவிட்டது, கடைசிப் பேருந்து எப்போது என்று ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போகட்டும். ஆண்டில் ஆறு முறை கூடும் சபை அது. அங்கே நிறைவேற்றப்படும் தீர்மானத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. போகும்போது தனியாகப் போக வேண்டாம். கோயில் கமிட்டியாரையும் தேவாலயத்தாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பேருந்து நிறுத்தத்தில் எல்லாரும் ஒரே வெயிலில்தான் நிற்கிறோம். புதிய மினி பேருந்துத் திட்டத்தில் உங்கள் ஊர் வழித்தடம் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. போடி ரயிலுக்குக் கூடுதல் நடைகளும், அருப்புக்கோட்டைப் பாதையும், மேலூர் வழியாகக் காரைக்குடிக்குப் பாதையும் கேட்கும் மனுக்களில் உங்கள் ஜமாஅத்தின் முத்திரையும் இருக்கட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்கும் நம் சகோதரர்கள் பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பவும், பளிங்குத் தரை போடவும் வாரி வழங்குகிறார்கள். இறைவன் அதை ஏற்றுக்கொள்வானாக. அடுத்த முறை நன்கொடை கேட்கும்போது, கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கும் மருத்துவமனைக்குப் போகும் முதியோருக்கும் ஒரு வேன் என்று கேட்டுப் பாருங்கள். மினாராவின் உயரத்தை ஊர் பார்க்கும்; அந்த வேனில் ஏறி இறங்கும் ஒவ்வோர் உயிரின் துஆவும் இறைவனிடம் சேரும். ஸதகத்துல் ஜாரியா என்பதற்கு இதைவிடத் தெளிவான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வேன் விடுவது நம் தர்மம். பேருந்து விடுவது அரசின் கடமை. நாம் தர்மம் செய்வதால் அவர்களின் கடமை தீர்ந்துவிடாது. வேன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். மனுவும் போய்க்கொண்டே இருக்கட்டும்.

இனி எவரேனும் உங்கள் ஊரைப் பற்றி அங்கே ஆள் குறைவு என்று சொன்னால், தலையசைக்காதீர்கள். பாதை போடுங்கள், பிறகு எண்ணுங்கள் என்று சொல்லுங்கள்.

வழியில் நிற்போருக்கு வழி அமைத்துக் கொடுப்போர் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.